எதிரே நடந்த மல்லாட்டை

திரௌபதிக்கு சினிமாவில் வரும் குழந்தைகளைக் கண்டால் ஆகாது. குழந்தைகள் மேல் ஒன்றும் கோபமில்லை, பாவம், அதுகள் என்ன செய்யும். அதுகளைக் கதைக்குள் கூட்டிவந்துவிட்ட பெரியவர்கள் மேல்தான் கோபம். டிவியில் ஒரு சின்னப் பெண் ரெட்டைச் சடை போட்டுக்கொண்டு கன்னத்தில் குழி விழச் சிரித்தால் போதும், "போச்சு. இன்டர்வல்லுக்குள்ள இத சாவடிச்சிருவானுங்க" என்பாள். பத்துக்கு எட்டுத் தடவை அவள் சொன்னபடியே நடக்கும். அவள் கணவன் திருமலை, "உன்னோட உக்காந்து ஒரு படத்த நிம்மதியா பாக்க முடியுதா?" என்று தலையில் அடித்துக்கொள்வான்.

இந்தக் கோபம் நேற்று வந்ததல்ல. ஒன்பது வயதில் வந்தது. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் மல்லாட்டை போடுகிற குடும்பம் அவளுடையது. வெளியூர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்களே, அதுதான் எங்கள் பக்கத்தில் மல்லாட்டை. அந்த வருஷம் விளைச்சல் ஜாஸ்தி என்று அப்பா வீட்டையே கிளப்பி சினிமாக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். படத்தில் ஒரு சின்னப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது, செத்துப்போனது, கதாநாயகன் அதை மடியில் போட்டு அழுதான், பாடினான், எழுந்துபோய் வில்லனை அடித்தான். கொட்டகை முழுக்க மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த நேரத்தில் திரௌபதி சத்தமாகக் கேட்டாள்: "ஏம்பா, அந்தப் பொண்ணு ஒண்ணுமே பண்ணலியே? வந்துச்சு, சிரிச்சுது, செத்துப்போச்சு. அவ்ளோதானா?" முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பி முறைத்தார். அப்பா அவள் வாயில் ஒரு முறுக்கைத் திணித்தார்.

கல்யாணமாகி, அடி அண்ணாமலை அரசு நடுநிலைப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்த பிறகு, நூலகத்தில் இருந்து கதைப் புத்தகங்கள் எடுத்துவர ஆரம்பித்தாள். புத்தகமாவது ஒழுங்காக இருக்கும் என்று நினைத்தாள். அங்கே வேறு கூத்து. பிள்ளைகள் காட்டுக்குப் போயின, கடலுக்குப் போயின, திருடனைப் பிடித்தன. எல்லாம் சரி. ஆனால் முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு அம்மா அப்பா கிடையாது.

"எழுதறவனுக்கு அம்மா அப்பாவ வச்சிக்கினு கதை ஓட்டத் தெரியல. முதல் பக்கத்துலயே கொன்னுட்றான்" என்று மங்களாம்பிகை டீச்சரிடம் பொரிந்து தள்ளினாள். "அம்மா அப்பா உசுரோட கீற பொண்ணு ஒண்ணுமே பண்ணக் கூடாதா? எங்க டீச்சர் போவும் அதுங்க?"

மங்களாம்பிகை அந்தப் பள்ளிக்கூடத்தின் தமிழ் ஆசிரியை. கோயிலில் பூஜை செய்கிற குடும்பத்து மருமகள். சாது. திரௌபதி கத்துவதைக் கேட்பதற்காகவே சாப்பாட்டு வேளையில் சத்துணவுக் கூடத்துக்கு வந்து உட்காருவாள். "அப்போ நீயே ஒண்ணு சொல்லேன்" என்றாள்.

சொல்ல வேண்டிய அவசியமும் இருந்தது. முட்டை உரித்து முடிவதற்குள் வரிசையில் நிற்கும் பிள்ளைகள் ஒன்றையொன்று இடித்து, தட்டால் அடித்து, ஒரு வழி பண்ணிவிடும். அதுகளை அசையாமல் நிறுத்தத்தான் திரௌபதி கதை சொல்ல ஆரம்பித்தாள். கதையின் நாயகிக்குப் பத்து வயது. பெயர் மல்லாட்டை. குள்ளம், கெட்டி, உடைத்துப் பார்த்தால்தான் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியும். அவளுக்கு அம்மாவும் உண்டு, அப்பாவும் உண்டு. இரண்டு பேரும் தினமும் காலையில் எழுந்து, "எங்கடி போற?" என்று கேட்பார்கள்.

அதுதான் கஷ்டமே. இந்த அம்மாவைத் தாண்டி ஒரு பெண் எப்படித் திருடனைப் பிடிப்பாள்? திரௌபதி ஒரு வழி கண்டுபிடித்தாள். அம்மா அவளைக் கடைக்குக் கொத்தமல்லி வாங்க அனுப்புவாள். போவதற்கும் வருவதற்கும் நடுவில் மல்லாட்டை எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். முடித்துவிட்டு, கொத்தமல்லியோடு வீடு திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் வைப்பாள் அம்மா. திருடன் பிடிபட்டானா என்பதைவிடக் கொத்தமல்லி வீடு வந்து சேர்ந்ததா என்பதுதான் வரிசையில் நிற்கிற பிள்ளைகளுக்குப் பெரிய கவலை. "டீச்சர், கொத்தமல்லி ஆத்துல போயிடுச்சா?" என்று ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் கண் கலங்கும்.

இப்படிப் பல வருஷம் ஓடியது. சொன்ன கதைகளை மங்களாம்பிகை விடாமல் எழுதச் சொல்லி, தானே டைப் அடித்து, சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகத்துக்கு அனுப்பினாள். அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் மாவட்டப் புத்தகத் திருவிழாவில் வெளியிடுவதாக நாளும் குறித்தார்கள். அந்தச் சேதி வந்த அன்று திரௌபதி சாம்பார் சாதத்துக்கு உப்பு அளந்து கொடுக்க மறந்தாள். சமையல் செய்யும் எல்லம்மாள் சத்தம் போட்டதும் சிரித்தாள்.

எட்டாம் வகுப்பில் அந்த வருஷம் ஏழு பேர். ஒன்றாம் வகுப்பிலிருந்து மல்லாட்டையைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஏப்ரலோடு வேறு பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். அவர்களிடம் திரௌபதி வாக்குக் கொடுத்துவிட்டாள்: "நீங்க போறதுக்குள்ள புத்தகம் உங்க கையில இருக்கும்."

புத்தகத்துக்கு அவள் தேர்ந்தெடுத்தது பௌர்ணமிக் கதை. மல்லாட்டை தம்பியையும் கூட்டிக்கொண்டு கொத்தமல்லி வாங்கப் போகிறாள். மலை சுற்ற வந்த கூட்டத்தில் தம்பி தொலைந்துபோகிறான். அவள் தேடுகிறாள்.

வியாழக்கிழமை மத்தியானம் படங்கள் போனில் வந்தன. வரைந்தவன் அருண்பிரசாத், கோயம்புத்தூர்ப் பையன், திருவண்ணாமலைக்கு வந்ததே கிடையாது. போட்டோ பார்த்து வரைந்திருந்தான். ஆனால் என்ன கை அது! மலை அப்படியே மலையாக நின்றது. சாயங்கால வெளிச்சம், தலை தலையாக ஜனம், நடுவில் குட்டியாக மல்லாட்டை, முட்டி வரை பாவாடை, கண்ணில் பதற்றம். திரௌபதி பார்த்துப் பார்த்து அழுதாள். தான் வாயால் சொன்ன பெண் கால் முளைத்து நடப்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் அழுகை வராது?

வீட்டுக்குப் போனதும் திருமலையிடம் காட்டினாள். அவன் கீழ்பென்னாத்தூருக்கும் டவுனுக்கும் வேன் ஓட்டுகிறவன். டீயை உறிஞ்சிக்கொண்டே பார்த்தான். நல்லா கீது என்றான். இன்னொரு வாய் உறிஞ்சினான். அப்புறம் நெற்றியைச் சுருக்கினான்.

"இன்னாடி இது, எல்லாரும் ராங் சைடுல போறாங்க?"

திரௌபதி போனைப் பிடுங்கிப் பார்த்தாள். மலை சுற்றுகிறவர்களுக்கு மலை வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்குத் தெரியும் இது. படத்தில் மல்லாட்டை, அவள் முன்னால் போகிறவர்கள், பின்னால் வருகிறவர்கள் அத்தனை பேரும் மலையை இடக்கைப் பக்கம் விட்டு நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு படமல்ல, ஆறு படத்திலும் அப்படித்தான்.

அந்தப் பையனைத் திட்ட முடியுமா? கதையை எடுத்துப் பார்த்தாள். "கூட்டம் நடந்தது" என்று எழுதியிருந்தாளே தவிர, எந்தப் பக்கமாக என்று ஓர் இடத்தில்கூட எழுதவில்லை. சோறு வாய் வழியாகச் சாப்பிட்டாள் என்று யாராவது எழுதுவார்களா? அதைப்போலத்தான் இதையும் விட்டிருந்தாள்.

உடனே அருண்பிரசாத்துக்குப் போன் போட்டாள். அவன் பதறிப்போனான். "ஐயோ அக்கா, புத்தகத்துல ஹீரோவ எப்பவும் இடமிருந்து வலமாத்தான் நடக்க விடுவோம். பக்கம் அந்தப் பக்கம்தானே புரளுது. நான் அத மட்டும்தான் யோசிச்சேன்" என்றான். படத்தையே கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டு அனுப்பினான். கூட்டம் சரியான பக்கம் நடந்தது. ஆனால் மலை திரும்பிக்கொண்டது. தினமும் வாசல் தெளிக்கும்போது பார்க்கிற மலை, ஏதோ வேற்றூர் மலை மாதிரி நின்றது. "இத எங்க ஊர்ல காட்டினா அடிக்க வருவாங்க தம்பி" என்றாள்.

மறுபடி வரைய அவனுக்கு நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் அக்காவுக்குக் கல்யாணம். பதிப்பகத்து அம்மா தன்மையாகத்தான் பேசினார்கள். "திங்கட்கிழமை காலைல அச்சுக்குப் போகணும்ங்க. இல்லன்னா அடுத்த வருஷம்தான் பார்க்கணும். நீங்களே முடிவு பண்ணி சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

அடுத்த வருஷம் என்றால் அந்த ஏழு பேரும் இருக்க மாட்டார்கள். இப்படியே போடலாம் என்றால், ஊரில் தலை காட்ட முடியாது. மலை சுற்றுகிற பாதையிலேயே குடியிருந்துகொண்டு எந்தப் பக்கம் சுற்றுவது என்றுகூடத் தெரியாதவள் என்று சந்து சந்தாகச் சிரிப்பார்கள். மங்களாம்பிகை வேறு, "எங்காத்துல மாமியார் பாத்தா அவ்வளவுதான். டைப் அடிச்சது நான்னு தெரிஞ்சா என்னை உள்ளயே விடமாட்டா" என்று கையைப் பிசைந்தாள்.

வெள்ளிக்கிழமை வரிசையில் பிள்ளைகள் நின்றார்கள். திரௌபதி கதை சொல்லவில்லை. கீரைச் சாதத்தை வைத்தாள், முட்டையை வைத்தாள், அடுத்தது என்றாள். பிள்ளைகளுக்கு அது பொறுக்கவில்லை. "டீச்சருக்கு உடம்பு சரியில்லையா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கடைசியில் சலித்துப்போய், "வாங்கடா, நீங்களும் பாத்து சிரிங்க" என்று போனை நீட்டினாள்.

சிரித்தார்கள். ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டார்கள். "ஐயே, எல்லாரும் தப்பா சுத்துறாங்க!" என்று தட்டைத் தட்டிக்கொண்டு குதித்தார்கள். சிரிக்காமல் நின்றது ஒரே ஒரு பெண். ஐந்தாம் வகுப்பு கவியா. அவள் அம்மா அருணாதேவி பௌர்ணமிக்குப் பௌர்ணமி வீட்டு வாசலில் சுண்டல் கடை போடுகிறவள். கவியா போனை வாங்கி மூக்குக்கு நேராக வைத்துப் பார்த்தாள்.

"மல்லாட்டை சரியாத்தான் போறா டீச்சர். மத்தவங்கதான் தப்பு."

"இன்னாடி உளர்ற?"

"தம்பிய தேடறா இல்ல? எதிர்லதான் வரணும். கூடவே போனா முதுகுதான் தெரியும். எதிர்ல வந்தாதான் மூஞ்சி தெரியும்."

திரௌபதி கரண்டியைக் கீழே வைத்தாள். "உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. போன சித்ரா பௌர்ணமிக்கு எங்க தம்பி வல்லரசு தொலைஞ்சான் டீச்சர். நாலு வயசு. ஊதல் விக்கிறவன் பின்னாடியே போயிட்டான். நான் வயலுக்குள்ள பூந்து வரப்பு மேல ஓடி, ரொம்ப முன்னாடி போயி ரோட்டுல ஏறினேன். அப்பால திரும்பி எதிர்ல வந்தேன், எல்லார் மூஞ்சியும் பாத்துக்கினே. பாதியிலயே கெடச்சிட்டான். ஊதிக்கினு வந்தான்."

வரிசை வாயைப் பிளந்தது.

"அம்மா இன்னா சொன்னாங்க?"

"அடிச்சாங்க" என்றாள் கவியா, மதியம் முட்டை சாப்பிட்டேன் என்பதைப்போல. "சாமி சுத்தற பாதையில எதிர்ல நடந்தேன்னு அடிச்சாங்க. தனியா போனேன்னு இன்னும் ஒண்ணு."

"ஏன் போனேன்னு நீ சொல்லலியா?"

"கேக்கலியே டீச்சர்."

அதோடு நிறுத்தியிருக்கலாம் அந்தப் பெண். நிறுத்தவில்லை. "டீச்சர், உங்க கதையில தம்பிய மைக்ல கூப்பிட்டு போலீஸ் மாமாதானே கண்டுபிடிச்சாரு? அப்போ மல்லாட்டை எதுக்கு?"

திரௌபதிக்குச் சுருக்கென்றது. ஆமாம்! அழுதுகொண்டு ஓடினாள் மல்லாட்டை, உட்கார்ந்தாள், கண்டுபிடித்துக் கொடுத்தது ஒரு பெரிய ஆள். வந்துச்சு, அழுதுச்சு, அவ்ளோதானா? ஒன்பது வயதிலிருந்து எவனெவனையோ திட்டித் தீர்த்தவள், தன் புத்தகத்திலேயே அதைச் செய்துவைத்திருக்கிறாள். வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. எட்டு வருஷம் இந்தக் கதையைச் சொல்லியும் அவளுக்கு இது படவில்லை.

கவியாவின் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தாள். "ஏய், அது கணக்குல வராதே!" என்று எல்லம்மாள் கத்தினாள். தன் பங்கு முட்டை அது என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள் திரௌபதி.

"தம்பி, கூட்டத்த மட்டும் திருப்ப முடியுமா? மலையும் பொண்ணும் அப்படியே இருக்கட்டும்."

அருண்பிரசாத் ஒரு கணம் யோசித்தான். "மலையும் பாப்பாவும் ஒரே தாள்ல வரைஞ்சேன்க்கா. கூட்டம் தனித் தாள், கம்ப்யூட்டர்லதான் சேர்த்தேன். பத்து நிமிஷ வேலை." அப்புறம் சந்தேகமாகக் கேட்டான்: "ஆனா பாப்பா மட்டும் எதிர்ல வருவாளே?"

"வரட்டும்" என்றாள்.

மங்களாம்பிகையிடம் சொல்லத்தான் பயந்தாள். அவள் புதுப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். ஆயிரம் பேர் ஒரு பக்கம் போக, ஒரு பெண் மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு எதிரே வருகிறாள்.

"மாமியார் ஏதாவது சொல்லுவாங்களா டீச்சர்?"

"மல்லாட்டை எங்க சுத்தறா? குழந்தையைன்னா தேடறா" என்றாள் மங்களாம்பிகை. "பேனாவை எடு."

அன்று பள்ளிக்கூடம் விட்ட பிறகு இரண்டு பேரும் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிப் பன்னிரண்டு பக்கங்களை மாற்றி எழுதினார்கள். போலீஸ் மாமா போனார். வரப்பு வந்தது. மல்லாட்டை தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தாள். அம்மா கையை ஓங்கினாள். அங்கே திரௌபதியின் பேனா நின்றது. அத்தனை கதையிலும் மல்லாட்டையின் அம்மா கையை ஓங்கினால் அடிதான். இந்தத் தடவை, ஓங்கிய கையோடு அந்த அம்மா கேட்டாள்: "ஏன்டி எதிர்ல போன?" மல்லாட்டை சொன்னாள். கை இறங்கியது. கதை முடிந்தது. ஆறு மணிக்கு அனுப்பிவிட்டுக் கூடத்தைப் பூட்டினார்கள்.

புத்தகம் வந்தது. திருவிழா மேடையில் திரௌபதிக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். ஏழு பேரும் ஆளுக்கொரு புத்தகத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மங்களாம்பிகையின் மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்துவிட்டு, "சுட்டிப் பொண்ணு" என்று மட்டும் சொன்னாராம். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, திருவிழா முடிந்து வந்த திங்கட்கிழமை மத்தியானம் வரைக்கும்.

திங்கட்கிழமை வரிசையில் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், கொத்தமல்லி எங்க?"

அவசரத்தில் கொத்தமல்லியை மறந்தே போயிருந்தாள்! கடைக்குப் போன பெண் தம்பியோடு வந்தாளே தவிர, கையில் கொத்தமல்லி இல்லை. புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். எங்கும் இல்லை. "தொலைச்சிட்டாளா?" "வாங்கவே இல்லியா?" "அப்போ அம்மா அடிச்சிருப்பாங்களே!" என்று வரிசை முழுக்கக் கேள்வி. அச்சான புத்தகத்தில் இனி என்னத்தைச் செய்வது? எட்டாம் வகுப்புக்காரர்கள் பெருந்தன்மையாக, "பரவாயில்ல டீச்சர், அடுத்த கதையில கரெக்ட் பண்ணிக்கலாம்" என்று ஆறுதல் சொன்னது இன்னும் எரிந்தது.

மறுநாள் காலையில் எல்லம்மாள் அடுப்பு பற்றவைக்கும் நேரத்துக்கு அருணாதேவி வந்து வாசலில் நின்றாள். கையில் புத்தகம், கடைசிப் பக்கத்துக்குள் ஒரு விரல். திரௌபதிக்குப் பகீரென்றது. கேட்காமல் கொள்ளாமல் அந்த வீட்டுச் சமாச்சாரத்தை எடுத்து ஊருக்கே போட்டுக்கொடுத்தாயிற்று, சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள்.

"உக்காருங்க. உங்களாண்ட முதல்லயே ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், தப்புதான்..."

"இது எங்க கவியாதானே?"

"ஆமா."

அருணாதேவி உட்காரவில்லை. புத்தகத்தைத் திறந்து கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். "இந்த அம்மா அடிக்கறதுக்கு முன்னாடி கேக்குறா டீச்சர்." புத்தகத்தை மூடினாள். "நான் கேக்கல. அடிச்சிட்டேன். அப்பாலயும் கேக்கல. நேத்து சாயங்காலம் இத படிச்சிட்டுத்தான் கேட்டேன். பத்து மாசம் கழிச்சு."

"இன்னா சொன்னா?"

"முதுக பாத்தா தம்பி தெரிய மாட்டான்மா, மூஞ்சி தெரியணும்ல, அப்படின்றா." அருணாதேவிக்கு அழுகை வந்துவிட்டது. "அன்னிக்கு நான் அவன தேடிக்கினு ஒரு மணி நேரம் நடந்தேன் டீச்சர். முதுகு முதுகா பாத்துக்கினே நடந்தேன். எம்மாம் பேர் முதுகு! எனக்குத் தோணலியே."

திரௌபதியும் அழுதாள். எல்லம்மாள் ஊதுகுழலைக் கையில் வைத்துக்கொண்டு, எதற்கென்று தெரியாமலே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"தண்ணி குடிங்க" என்றாள் திரௌபதி. சொம்பை நீட்டிவிட்டு, மனசு கேட்காமல் சொன்னாள்: "நீங்க அழறீங்க. புள்ளைங்க என்னை நேத்துல இருந்து கொத்தமல்லிய காணோம்னு வறுத்து எடுக்குதுங்க. மறந்துட்டேன். புத்தகமே வந்துடுச்சு, இன்னா பண்றதுன்னே தெரியல."

அருணாதேவி குடித்துக்கொண்டிருந்த சொம்பை இறக்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு படித்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லையா என்கிற மாதிரி பார்த்தாள்.

"இதுல இன்னா கீது டீச்சர்? அந்த அம்மாவே மறந்துட்டா. ரெண்டு புள்ளையும் முழுசா வாசல்ல வந்து நிக்குது. எவளுக்குக் கொத்தமல்லி ஞாபகம் வரும்?"

அன்று மத்தியானம் வரிசையில் திரௌபதி அதை அப்படியே சொன்னாள். ஒன்றாம் வகுப்புப் பையன் யோசித்துவிட்டு, சரி என்று தட்டை நீட்டினான்.